பெரியம்மாவின் சர்வாங்காசனமும் அம்மாவின் கணுக்காலும்

'ஆச்சி வீடு' குழு

ஞாயிறு

பெரியம்மா (காலை 6:12): [பலமுறை பகிரப்பட்டது] தினமும் பத்து நிமிடம் சர்வாங்காசனம் (தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கும் ஆசனம்) செய்யுங்கள். இரத்தம் முகத்துக்குப் பாய்ந்து பருவும் கரும்புள்ளியும் 7 நாளில் மறையும். க்ரீமே தேவையில்லை. 10 பேருக்கு அனுப்பவும்.

குமார் மாமா: வணக்கம் பெரியக்கா. 10 பேருக்கு அனுப்பாவிட்டால் மறைந்த பரு திரும்பி வந்துவிடுமா?

பெரியம்மா: உனக்கு எல்லாமே கிண்டல்தான். பதினோரு வருடமாக யோகா செய்கிறேன், என் முகத்தைப் பார்.

குமார் மாமா: டிபியில் தினமும் பார்க்கிறேனே. அது 2009இல் எடுத்த போட்டோ.

அம்மா: அக்கா, இது கணுக்காலில் இருக்கிற கருப்புக்கும் கேட்குமா? நாளையிலிருந்து சுவரில் சாய்ந்தாவது காலைத் தூக்கிவிடுகிறேன்.

அனு அக்கா (7:05): சித்தி, வேண்டவே வேண்டாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கழுத்து வலி வேறு. தலைகீழாக நிற்கிற ஆசனம் எதுவும் உங்களுக்கு ஆகாது. கண்ணில் அழுத்தம் இருக்கிறவர்களுக்கும் ஆகாது. அம்மா, தயவுசெய்து அதை நீக்குங்கள்.

[இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

பெரியம்மா: நீக்கிவிட்டேன். ஆனால் யோகாவால் தோலுக்குப் பிரயோஜனமே இல்லை என்று மட்டும் சொல்லாதே அனு, ஸ்கின் டாக்டருக்குப் படிக்கிறாய் என்பதற்காக.

அனு அக்கா: அப்படிச் சொல்லவில்லை அம்மா. தலைகீழாக நின்றால் முகம் கொஞ்ச நேரம் சிவந்திருக்கும், அவ்வளவுதான். பரு வருவது எண்ணெய்ச் சுரப்பியிலும் அடைத்துக்கொண்ட துளையிலும். ரத்தம் பாய்ந்தால் அடைப்பு திறக்காது. யோகா உதவுகிற வழி வேறு. ஓபி முடித்துவிட்டு எழுதுகிறேன்.

நான்: அக்கா, எனக்கும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஹால் டிக்கெட் வருவதற்கு முன்னால் தாடையில் பரு வந்துவிடுகிறது.

குமார் மாமா: அரியர் வைக்காமல் இருந்தால் வராது.

அனு அக்கா (மதியம் 2:40): மாமா கிண்டலாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 22 மாணவர்களைத் தேர்வுக்கு முன்னும் தேர்வு நேரத்திலும் பரிசோதித்துப் பார்த்தார்கள், 2003இல் வெளிவந்தது. யாருக்குப் பதற்றம் அதிகமானதோ அவர்களுக்குப் பருவும் அதிகமானது. சின்ன ஆய்வுதான், ஆனால் நாங்கள் ஓபியில் தினமும் பார்ப்பதும் அதுதான். பதற்றத்தில் கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது, கண்ணாடி முன்னால் நின்று கிள்ளுகிற நேரமும் கூடுகிறது. கயல், நீ கிள்ளுவாயா மாட்டாயா?

நான்: அக்கா அடுத்த கேள்விக்குப் போகலாம்.

அம்மா: கிள்ளுவாள். நகத்தால். நான் சாட்சி.

நான்: அம்மா மட்டும் என்ன? அனு அக்கா, அம்மா காலைச் சொறிகிற சத்தம் அடுத்த அறை வரை கேட்கும். போட்டோ அனுப்புகிறேன்.

[போட்டோ]

குமார் மாமா: ஐயோ, இது என்ன யானைத் தோல் மாதிரி இருக்கிறது!

அனு அக்கா: போட்டோவை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. ஆனால் சொறிந்து சொறிந்து தடித்த தோல் பார்க்க இப்படித்தான் இருக்கும். அரிக்கிறது என்று சொறிவோம், சொறிந்ததால் தோல் தடிக்கும், தடித்த தோல் இன்னும் அரிக்கும். செக்கு மாடு போல அதே வட்டம். சித்தி, எப்போதெல்லாம் சொறிகிறீர்கள்?

அம்மா: இது என்ன கேள்வி? அரிக்கும்போதுதான்.

நான்: பொய். 8:30 சீரியலில் மாமியார் வரும்போது. அப்புறம் அப்பா மஸ்கட்டிலிருந்து கூப்பிட வேண்டிய நேரத்தில் கூப்பிடாவிட்டால்.

அம்மா: நான் சொறிகிறேன் என்பதே எனக்குத் தெரியாது அனு. கை தானாகப் போய்விடுகிறது.

அனு அக்கா: அதுதான் சித்தி. இப்போது என்ன தடவுகிறீர்கள்?

அம்மா: மெடிக்கலில் அரிப்பு என்று சொன்னேன், ஒரு ட்யூப் கொடுத்தார்கள். போட்டால் இரண்டு நாளில் அடங்கும், விட்டால் திரும்ப வரும். ஆறு மாதமாக அதுதான்.

அனு அக்கா: அட்டையைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். மோசமான மருந்தில்லை, தடித்த தோலுக்கு நாங்களே எழுதுவோம், ஆனால் எவ்வளவு வீரியம், எத்தனை நாள் என்று அளவு உண்டு. இஷ்டத்துக்குப் போட்டால் சுற்றியிருக்கிற நல்ல தோலும் மெலிந்துபோகும். படர்தாமரைக்குப் போட்டாலோ அது வெளியே சரியாகத் தெரியாமலேயே பரவும். இந்த வாரமே தோல் டாக்டரிடம் நேரில் காட்டுங்கள்.

பெரியம்மா: சரி, யோகா எங்கே வருகிறது? அதைச் சொல்.

அனு அக்கா: இங்கேதான் வருகிறது அம்மா. சொரியாசிஸ்காரர்களுக்கு ஒளிப்பெட்டிக்குள் நிற்க வைத்துச் சிகிச்சை தருவார்கள் இல்லையா. 1998இல் தியான ஆய்வாளர் ஜான் கபாட்-ஜின் குழு 37 பேரில் பாதிப் பேரை அந்தப் பெட்டிக்குள் நிற்கும்போதே தியான ஒலிநாடா கேட்க வைத்தது. கேட்டவர்களுக்குத் தோல் சீக்கிரம் தெளிந்தது. கவனியுங்கள், அவர்கள் ஒளிச் சிகிச்சையை விடவில்லை, அதோடுதான் தியானம். உங்கள் ஃபார்வர்டில் 'க்ரீமே தேவையில்லை' என்ற ஒரு வரியால்தான் எனக்குக் கோபம்.

பெரியம்மா: அப்படியானால் உன் சித்தி செல்வி என்ன செய்ய வேண்டும்? பிராமரி மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கட்டுமா?

அனு அக்கா: தாராளமாக. நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி வண்டு மாதிரி ரீங்காரத்தோடு விடட்டும், ஐந்து நிமிடம் போதும். படுக்கும்முன் சவாசனம், உங்கள் குரலிலேயே 'கால் விரல் தளர்கிறது, கணுக்கால் தளர்கிறது' என்று பதிவு செய்து அனுப்புங்கள்.

குமார் மாமா: டீச்சர் குரலில் 'தளர்கிறது' என்று கேட்டால் எனக்கு எழுந்து நிற்கத்தான் தோன்றும்.

அனு அக்கா: சித்தி, இன்னொன்று. அரிக்கும்போது சொறியாமல் உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்துங்கள், இல்லை ஈரத் துணி வையுங்கள். குளித்து ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கை எத்தனை தடவை போகிறது என்று எண்ணவும் வேண்டும், நீங்களே அறியாமல் போகிற கையை அப்படித்தான் பிடிக்க முடியும்.

அம்மா: எதில் எண்ணுவது? எனக்கு மறந்துவிடும்.

குமார் மாமா: ஆச்சி பக்கத்தில் இருக்கிறார்கள், பேச வேண்டுமாம். [குரல் பதிவு 0:41]

நான்: கேட்காதவர்களுக்காக: "டம்ளர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள், கை போகும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையைப் போடு. அப்புறம் அந்தப் பிள்ளை முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்."

அனு அக்கா: ஆச்சி, புளியங்கொட்டைக்கு நூற்றுக்கு நூறு. தேங்காய் எண்ணெய் கயல் முகத்துக்கு வேண்டாம், பருத் தோலில் துளையை அடைத்துவிடும். கயல், யோகா முடிந்ததும் வியர்வையோடு போனை நோண்டாமல் முகத்தைக் கழுவு. பெரியம்மாவின் பத்தமடைப் பாயையும் வாரம் ஒருமுறை துடைத்து வெயிலில் போடச் சொல், நாலு பேர் அதில்தான் படுக்கிறீர்கள்.

குமார் மாமா: போன மாதம் என் முதுகில் வந்த படர்தாமரை அந்தப் பாயிலிருந்துதானா?

பெரியம்மா: உனக்கு வந்தது துவைக்காத பனியனிலிருந்து.

வியாழன்

அம்மா (இரவு 9:50): டாக்டரிடம் போய்விட்டு வந்தேன். வேறு களிம்பு, இரண்டு வாரம் மட்டும், அப்புறம் வந்து காட்டச் சொன்னார். அனு சொன்னதைத்தான் அவரும் சொன்னார், 600 ரூபாய் வாங்கிக்கொண்டு. முதல் நாள் 43 கொட்டை. இன்று 26.

பெரியம்மா: பிராமரி!

அனு அக்கா: பிராமரி, களிம்பு, ஒட்ட வெட்டிய நகம். எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு அம்மா.

நான்: என் தாடை அப்படியேதான் இருக்கிறது அக்கா.

அனு அக்கா: நாலே நாளில் என்ன ஆகும்? மேல்தோல் புதிதாக மாறவே ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். பருவுக்கு இன்னும் கூடுதலாகவே பொறுக்க வேண்டும். கிள்ளாமல் இரு, அதுவே பாதி வேலை.

அடுத்த புதன்

அம்மா (இரவு 10:15): நேற்று 9. இன்று 31.

குமார் மாமா: என்ன ஆச்சு அக்கா, சீரியலில் மாமியார் திரும்ப வந்துவிட்டாளா?

நான்: அப்பா இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை மாமா.

அனு அக்கா: பரவாயில்லை சித்தி. 31 தடவையும் கொட்டையைப் போட்டிருக்கிறீர்களே. முன்பெல்லாம் கை போவதே உங்களுக்குத் தெரியாது.

அப்பா (10:32): சைட்டில் சிக்னல் இல்லை. இப்போதுதான் ரூமுக்கு வந்தேன். என்ன கொட்டை? நாளை நம் ஊர் நேரம் 8:30க்குக் கட்டாயம் கூப்பிடுகிறேன்.

அம்மா: 8:30 வேண்டாம், சீரியல். 9 மணிக்குக் கூப்பிடுங்கள்.