ஏரிக் கழிமுக மணற்கல்லை அடையாளம் காண்பது எப்படி? (முக்லாத் படுகை, சூடான்)

வணக்கம். எம்.எஸ்சி. நிலவியல் செமினாருக்கு அபு கப்ரா பாறைத்தொகுதியை எடுத்திருக்கிறேன். ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன்.

சூடானிலும் தென் சூடானிலும் பரந்து கிடக்கும் முக்லாத், தென் அட்லாண்டிக் பிளந்த காலத்தை ஒட்டி உருவான பிளவுப் படுகை (நிலமேலோடு இழுபட்டுப் பிளந்து தாழ்ந்த பள்ளம்). முற்காலக் கிரெட்டேசியஸில் (டைனோசர்கள் வாழ்ந்த நிலவியல் காலம்) அங்கே தேங்கிய ஏரிகளின் படிவுதான் அபு கப்ரா. ஆக்சிஜன் எட்டாத அடியாழத்தில் பாசிகள் மக்காமல் சேற்றோடு புதைந்து கருங்களிப்பாறையாயின. அந்தப் படுகையின் மெழுகு நிறைந்த கச்சா எண்ணெய்க்கு முக்கியத் தாய்ப்பாறை (எண்ணெய் உருவாகும் பாறை) இதுதான். இதுவரை சரி.

களிப்பாறைக்கு நடுவே வரும் மணற்கல்தான் தலைவலி. என்னிடமுள்ள காமா லாக்கில் (கிணற்றுப் பாறைகளின் இயற்கைக் கதிர்வீச்சுப் பதிவு; களி மிகுந்தால் அளவு கூடும்) அளவு மேலே போகப் போகக் குறைந்து, புனல் போல விரிகிறது. மணல் மணியும் மேல்நோக்கிப் பருக்கிறது. அப்புறம் சட்டென்று மறுபடி களிப்பாறை. ஆறு ஏரிக்குள் கழிமுகத்தைத் தள்ளிக்கொண்டு போனதாக உடனே எழுதிவிடலாம். ஆனால் ஏரி கடல் மாதிரி இல்லையே, மழை பொய்த்தாலே மட்டம் மளமளவென்று இறங்கும். அப்போதும் இதே வடிவம் வருமல்லவா?

இரண்டையும் பிரிக்க உள்ளகப் பாறை மாதிரியில் (கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த உருளைப் பாறை, core) எதை முதலில் பார்ப்பீர்கள்? வேர்த்தடமா, சேற்று வெடிப்பா, சிற்றலைத் தடமா? ஹெக்லிக் எண்ணெய் வயல் பக்கம் வேலை பார்த்தவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பிளவுப் பெயர்ச்சியால் (fault) நிலம் எழுந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பவர்கள் அதை லாக்கில் எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.