சட்டக் கல்லூரியில சீட் கெடச்சிருச்சு, காலேஜ் தொறக்கறதுக்குள்ள என்னென்ன பண்ணணும்? (5 வருஷ பி.ஏ. எல்எல்.பி.)

சங்கரன்கோவில்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். ப்ளஸ் டூ இந்த வருஷம் முடிச்சேன், கவர்மென்ட் ஸ்கூல், முழுக்க தமிழ் மீடியம். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட் கெடச்சிருக்கு. வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், ஆனா எங்க குடும்பத்துல இதுவரை காலேஜ் போனவங்க யாரும் கெடையாது, வக்கீல் யாரையும் தெரியாது, அதனால கேக்கறதுக்கு ஆள் இல்லாம இங்க கேக்கறேன்.

எங்க தெருவுல ஒரு தாத்தா, ரிட்டயர்டு வக்கீல் குமாஸ்தா, அவர் ஒரு அட்டப்பெட்டி நெறய புக்கு குடுத்தாரு. அதுல ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்), சிஆர்பிசி (குற்ற நடைமுறைச் சட்டம்), எவிடென்ஸ் ஆக்ட் (சாட்சியச் சட்டம்), காண்ட்ராக்ட் ஆக்ட் (ஒப்பந்தச் சட்டம்) எல்லாம் இருக்கு. இப்போ சட்டமே மாறிருச்சு, இதெல்லாம் எடைக்குப் போட்டுருன்னு ஒருத்தர் சொல்றாரு. வச்சிக்கலாமா வேணாமா? லேப்டாப் இல்லாம சமாளிக்க முடியுமா, அப்பா கடன் வாங்கியாவது வாங்கித் தர்றேங்கறாரு, எனக்கு மனசு வரல. அட்டெண்டன்ஸ் எவ்ளோ கட்டாயம்? ஊர்ல இருந்தே பஸ்ல போயிட்டு வரலாமா ஹாஸ்டல் பாக்கணுமா? அப்புறம் இங்கிலீஷ். அதை நெனச்சாதான் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மூணாம்வருஷம்_நெல்லை:

வாழ்த்துக்கள் தங்கச்சி. மொதல்ல லேப்டாப், இப்போ வாங்காத. அஞ்சு வருஷ கோர்ஸ்ல மொத வருஷம் இங்கிலீஷ், பொலிட்டிக்கல் சயின்ஸ், எகனாமிக்ஸ், சோஷியாலஜி மாதிரி ஆர்ட்ஸ் பேப்பர்தான் அதிகம், அதுக்கு நோட்டும் பேனாவும் போதும், கையில இருக்குற போன் போதும். மூட் கோர்ட்டுக்கு, அதாவது மாணவங்களே வாதாடிப் பழகற மாதிரி கோர்ட்டுக்கு, மெமோரியல்னு எழுத்து வாதம் டைப் பண்றப்போதான் கம்ப்யூட்டர் நெசமா தேவைப்படும், அதுக்கு இன்னும் நாள் இருக்கு. அப்பாகிட்ட கண்டிப்பா வேணாம்னு சொல்லிரு, கடன்ல ஆரம்பிக்க வேணாம்.

புக்கு விஷயத்துலயும் அதேதான். காலேஜ் தொறந்த மொத வாரமே யாராவது ஒருத்தர் வந்து இந்த ஆத்தர் அந்த ஆத்தர்னு பெரிய லிஸ்ட் நீட்டுவாங்க, எதையும் வாங்காத. லைப்ரரில இருக்கும், சீனியர்கிட்ட பாதி விலைக்குக் கெடைக்கும். காசு போட்டு வாங்கறதுன்னா பேர் ஆக்ட் மட்டும் வாங்கு, அதாவது சட்டம் மட்டும் அப்படியே அச்சடிச்சு விளக்கம் எதுவும் இல்லாம இருக்குற சின்ன புக்கு. காசு இல்லன்னா இந்தியா கோடுன்னு மத்திய அரசு வெப்சைட் இருக்கு, எல்லா மத்திய சட்டமும் அதுல ஓசியிலேயே எறக்கிக்கலாம்.

அட்டெண்டன்ஸ் விளையாட்டு இல்ல. வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் கட்டுப்படுத்தற பார் கவுன்சிலோட 2008 விதிப்படி ஒவ்வொரு பேப்பர்லயும் 70 சதவீதம் வேணும். மொத்தமா 70 வந்தா போதும்னு நெறய பேர் நெனச்சிட்டு ஒரே ஒரு பேப்பர் வகுப்ப மட்டும் கட் அடிப்பாங்க, அந்த பேப்பர்ல மாட்டுவாங்க. ஏதாவது அசாதாரண காரணம் இருந்தா, மொத்தத்துல 70 இருக்கறப்போ ஒரு பேப்பர்ல 65 வரைக்கும் சலுகை காட்ட விதியில எடம் இருக்கு, ஆனா அதை நம்பி இருக்காத. சங்கரன்கோவில்ல இருந்து தெனமும் போக வர மூணு மணி நேரத்துக்கு மேல பஸ்லயே போயிரும், ஹாஸ்டல் கெடச்சா விட்டுறாத. 7.5 ஒதுக்கீட்டுல வந்தவங்களுக்கு ஃபீஸ அரசே ஏத்துக்குதுன்னு அறிவிச்சாங்க, அதனால அட்மிஷன் அன்னிக்கு பணம் கட்டறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல தெளிவா கேட்டுக்கோ. ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வரும், அதுக்கும் காலேஜ்லயே பேர் குடுக்கணும்.

கோர்ட்டு_வாசல்:

அந்தப் பெட்டிய யாரும் எடைக்குப் போட வேணாம்மா. தாத்தா உனக்கு நல்ல சொத்து குடுத்திருக்காரு. நான் மாவட்ட கோர்ட்ல பிராக்டிஸ் பண்றேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

2024 ஜூலை 1ல இருந்து ஐபிசி எடத்துல பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா), சிஆர்பிசி எடத்துல பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), எவிடென்ஸ் ஆக்ட் எடத்துல பிஎஸ்ஏ (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) வந்துருச்சு, அது சரி. ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடி நடந்த குத்தத்துக்கு இன்னிக்கும் ஐபிசிதான். எங்க கோர்ட்ல தெனமும் கூப்பிடற கேஸ் கட்டுல முக்காவாசி இன்னும் பழைய செக்‌ஷன்லதான் ஓடுது, நீ படிச்சு முடிச்சு வர்றப்பவும் அப்பீல்ல அதெல்லாம் இருக்கும். காண்ட்ராக்ட் ஆக்ட் 1872, சொத்து மாற்றுச் சட்டம் 1882, சிவில் நடைமுறைச் சட்டம் 1908, இதெல்லாம் மாறவே இல்ல, திருத்தம் எதுவும் வந்திருக்கான்னு மட்டும் பாத்துக்கிட்டா போதும்.

ஆனா ஒண்ணு, கிரிமினல் சட்டத்துக்கு பிஎன்எஸ் பேர் ஆக்ட் தனியா வாங்கிரு, பழைய நம்பர மனப்பாடம் பண்ணாத. ஒரு உதாரணம் சொல்றேன். ஐபிசில 304 னா கொலை ஆகாத மரணத்துக்கான தண்டனை, ஆயுள் வரைக்கும் போற செக்‌ஷன். பிஎன்எஸ்ல 304 னா பறிப்பு, நம்மூர்ல செயின் அறுத்துட்டு ஓடறாங்களே அது. ஐபிசில பறிப்புன்னு தனி செக்‌ஷனே கெடையாது. பரீட்சையில நம்பர மாத்தி எழுதினா ஒரு கேள்விக்கான மார்க்கு போகும், மனுவுல மாத்தி எழுதினா கட்சிக்காரர் பாடு திண்டாட்டம்.

இப்போ பெட்டியில இருக்குற ஐபிசிய எடுத்து 378 பாரு, திருட்டு. பக்கத்துல பிஎன்எஸ் 303 பாரு. விளக்கம் வார்த்தைக்கு வார்த்தை அதேதான். எப்படிப் படிக்கணும்னா, அந்த ஒரே வாக்கியத்த உடைச்சு உடைச்சு எழுதிப் பாரு: நேர்மையில்லாத எண்ணம் இருக்கணும், அசையற பொருளா இருக்கணும், இன்னொருத்தர் கைவசத்துல இருக்கணும், அவர் சம்மதம் இருக்கக் கூடாது, எடுத்துட்டுப் போறதுக்காக அதை நகத்தியிருக்கணும். அஞ்சுல ஒண்ணு இல்லன்னாலும் அது திருட்டு ஆகாது. கீழ மொத உதாரணமா ஒரு மரத்தைச் சொல்லியிருப்பான். அடுத்தவன் தோட்டத்து மரத்தத் திருடற எண்ணத்தோட ஒருத்தன் வெட்டறான், வெட்டி தரையில இருந்து பிரிச்ச அந்த நிமிஷமே திருட்டு முடிஞ்சது, வண்டியில ஏத்தி வீட்டுக்குக் கொண்டு போகணும்னு அவசியமில்ல. ஏன்னா வேரோட நிக்கற வரைக்கும் மரம் அசையாப் பொருள், வெட்டினதும் அசையும் பொருள். இந்த ஒரு செக்‌ஷன இப்படிப் படிக்கக் கத்துக்கிட்டேன்னா மத்த எல்லா செக்‌ஷனும் இதே மாதிரிதான். கைடு வாங்கி பதில மனப்பாடம் பண்றவங்க இதை அஞ்சு வருஷத்துலயும் கத்துக்க மாட்டாங்க, எனக்கு ஜூனியரா வர்றவங்ககிட்ட நான் தெனமும் பாக்கறேன், ரொம்ப வருத்தமா இருக்கும்.

சங்கரன்கோவில்_பொண்ணு:

ரொம்ப ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. இப்பவே எடுத்துப் பாத்தேன் சார், 378ல மரம் இருக்கு. ஆனா அந்த வாக்கியத்தப் படிக்கவே எனக்கு நேரம் ஆச்சு, ஒரே வாக்கியம் நீளமா போயிட்டே இருக்கு, டிக்‌ஷனரி வச்சிக்கிட்டுதான் படிச்சேன். வகுப்புல எல்லாரும் இங்கிலீஷ்ல பேசுவாங்களா?

தமிழ்லயே_எழுதினேன்:

தங்கச்சி, நானும் தமிழ் மீடியம்தான், அரசு சட்டக் கல்லூரியில படிச்சேன், பரீட்சை தமிழ்லதான் எழுதினேன், இப்போ கோர்ட்டுக்குப் போயிட்டு வந்துட்டு இருக்கேன். வகுப்புல பாதிக்கு மேல நம்மள மாதிரி புள்ளைங்கதான், வாத்தியாரும் தமிழ்லயும் சேத்துதான் நடத்துவாங்க. நீ தனியாளு இல்ல.

அதுக்காக இங்கிலீஷ விட்டுறவும் கூடாது. கீழ்க்கோர்ட்ல தமிழ்ல வாதாடலாம், சாட்சி விசாரணை தமிழ்ல, தீர்ப்பு தமிழ்ல எழுதலாம். ஆனா ஹைகோர்ட்டுக்கு மதுரைக் கிளைக்குப் போனேன்னா இங்கிலீஷ்தான், அரசியல் சட்டம் 348வது பிரிவு அப்படி. அதனால ரெண்டும் வேணும். நான் பண்ணது என்னன்னா, தெனம் ஒரே ஒரு செக்‌ஷன், இங்கிலீஷ்ல ரெண்டு தடவ சத்தமா வாசிச்சுட்டு என் சொந்தத் தமிழ்ல எழுதுவேன், மறுநாள் தமிழப் பாத்து இங்கிலீஷ்ல சொல்லிப் பாப்பேன். நீ டிக்‌ஷனரி வச்சிப் படிச்சேன்னு சொன்னியே, அதுதான் வழி, நிறுத்திராத. சட்ட இங்கிலீஷுக்கு வார்த்தைகள் திரும்பத் திரும்ப அதேதான் வரும், ஒரு செமஸ்டர்ல பழகிரும். வாயில பேச வர்ற இங்கிலீஷ் வேற, இது வேற. சரளமா பேசற எத்தனையோ பேர் ஒரு செக்‌ஷனப் படிச்சு அர்த்தம் சொல்லத் திணறுவாங்க.

கேஸ் படிக்கறதுக்கும் இப்பவே ஒண்ணு சொல்றேன், 1903ல பிரிவி கவுன்சில், அதாவது வெள்ளக்காரன் காலத்துல லண்டன்ல இருந்த கடைசி அப்பீல் கோர்ட், சொன்ன மொஹரி பீபி கேஸ். கல்கத்தாவுல தர்மதாஸ் கோஷ்னு ஒரு பையன், மேஜர் ஆகல, வீட்ட அடமானம் வச்சு 20,000 ரூபாய்க்கு பத்திரம் எழுதிக் குடுத்துட்டான். வட்டிக்காரரோட ஏஜெண்டுக்கு பையன் மைனர்னு தெரியும். மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்துலயே செல்லாதுன்னு தீர்ப்பு. மேஜர் ஆனவங்கதான் ஒப்பந்தம் போட முடியும்னு சொல்ற காண்ட்ராக்ட் ஆக்ட் 11வது செக்‌ஷன எடுத்து வச்சிக்கிட்டு இந்தக் கதையப் படி, செக்‌ஷன் தானா மண்டையில ஏறும்.

தென்காசி_பேங்க்:

நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். நான் பேங்க்ல வேல பாக்கறேன், டிகிரி இருக்கு. மூணு வருஷ எல்எல்.பி. தபால்ல இல்ல சாயங்கால வகுப்புல முடிக்க வழி இருக்கா? வெளிமாநிலத்துல வகுப்புக்கே போகாம முடிச்சுத் தர்றோம்னு ஒருத்தர் பேசறாரு.

கோர்ட்டு_வாசல்:

அண்ணே அந்த ஆளு போன எடுக்கவே எடுக்காதீங்க. தபால்ல படிச்ச எல்எல்.பி.க்கு வக்கீலா பதிவு கெடையாது, ரெகுலர் வகுப்பு, அதே 70 சதவீதம் அட்டெண்டன்ஸ். வேல பாத்துக்கிட்டே படிச்சாங்களான்னு இப்போ பார் கவுன்சில் விசாரிக்குது, 2024 செப்டம்பர்ல அதுக்கே தனி சர்க்குலர் வந்துச்சு. லீவும் ஆபீஸ் அனுமதியும் எழுத்துல வாங்காம எறங்காதீங்க. படிச்சு முடிச்சாலும் சம்பள வேலையில இருந்துக்கிட்டு பிராக்டிஸ் பண்ண முடியாது. இன்னொண்ணு, ப்ளஸ் டூ முறையா படிக்காம நேரா திறந்தநிலையில டிகிரி வாங்கியிருந்தா சட்டப் படிப்புல சேரவே முடியாது, அதையும் பாத்துக்கோங்க.

தங்கச்சிக்கும் சேத்து சொல்றேன், இதோட கூடவே இன்னொரு ரெகுலர் டிகிரியும் போட்டு வைன்னு யாராவது சொல்லுவாங்க. யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022ல ரெண்டு டிகிரி ஒண்ணா படிக்கலாம்னு சொன்னது உண்மைதான், ஆனா சட்டப் படிப்புக்கு பார் கவுன்சில் விதி விடாது. கேக்காத.

சங்கரன்கோவில்_பொண்ணு:

சரிங்க சார். கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். எனக்கு ஜட்ஜ் ஆகணும்னு ஆசை. படிச்சு முடிச்ச உடனே பரீட்சை எழுதலாமா? வக்கீலா பதிவு பண்ண நெறய செலவாகும்னும் சொல்றாங்களே.

மூணாம்வருஷம்_நெல்லை:

உடனே முடியாதுடா. 2025 மே 20ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துருச்சு, சிவில் ஜட்ஜ் பரீட்சைக்கு மூணு வருஷம் பிராக்டிஸ் பண்ணியிருக்கணும். தற்காலிகமா பதிவு பண்ண நாள்ல இருந்தே அது கணக்கு, அதனால முடிச்ச உடனே பதிவு பண்ணிரணும். பதிவு கட்டணத்தப் பத்தி பயப்படாத, 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட் அதையும் சொல்லிருச்சு, வக்கீல் சட்டத்துல இருக்குறபடி 750 ரூபாய், எஸ்சி எஸ்டின்னா 125, அதுக்கு மேல பதிவு கட்டணம்னு வாங்கக் கூடாது. அப்புறம் பார் கவுன்சில் நடத்தற ஏஐபிஇங்கற அகில இந்திய வக்கீல் தகுதிப் பரீட்சை, 100 கேள்வி, குறிப்பு எதுவும் எழுதாத பேர் ஆக்ட்ட உள்ள கொண்டு போகலாம். பேர் ஆக்ட் பேர் ஆக்ட்னு கத்தறோமே, அங்கயும் அதுதான் உதவும்.

உனக்கு ஒரு நல்ல சேதி, நம்ம டிஎன்பிஎஸ்சி சிவில் ஜட்ஜ் மெயின்ஸ்ல மொழிபெயர்ப்புக்குன்னே ஒரு தனி பேப்பர், சாட்சி வாக்குமூலம், தீர்ப்பு எல்லாம் தமிழ்ல இருந்து இங்கிலீஷ், இங்கிலீஷ்ல இருந்து தமிழ். தமிழ் நல்லா இருக்குற புள்ளைங்களுக்கு அது பெரிய பலம். மேல அண்ணன் சொன்ன தெனம் ஒரு செக்‌ஷன் பயிற்சிய இன்னிக்கே ஆரம்பி.

அட்மிஷனுக்குப் போறப்போ மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினல வாங்கி வச்சிப்பாங்க, அதுக்கு முன்னாடியே ஜெராக்ஸ் அஞ்சாறு செட் எடுத்து போன்லயும் ஸ்கேன் பண்ணி வச்சிரு, அப்புறம் ஸ்காலர்ஷிப்புக்கு அலைய வேணாம். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல இப்பவே போட்டுரு, தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வர நாளாகும்.

கோர்ட்டு_வாசல்:

காலேஜ் தொறக்கறதுக்குள்ள ஒரு நாள் சங்கரன்கோவில் கோர்ட்டுக்குப் போயிட்டு வாம்மா. யார் அனுமதியும் வேணாம், ஒருசில கேஸ் தவிர கோர்ட் எல்லாருக்கும் தொறந்ததுதான். பத்தரை மணிக்கு முன்னாடி போயிரு, போன ஆஃப் பண்ணிரு, பின்னாடி பெஞ்சுல உக்காரு, ஜட்ஜ் வர்றப்போ எந்திரிச்சு நில்லு. மொதல்ல வரிசையா பேர் கூப்பிட்டு வாய்தா போட்டுட்டு இருப்பாங்க, ஒண்ணும் புரியாது, எந்திரிச்சு வந்துராத. பதினொன்னரைக்கு மேல சாட்சி விசாரணை ஆரம்பிச்சா குறுக்கு விசாரணையக் கவனி, தமிழ்லதான் இருக்கும், வக்கீல் என்ன கேள்வி கேக்கறாரு, எதைக் கேக்காம விடறாருன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வா. தாத்தா குமாஸ்தாவா இருந்தவர்னு சொன்னியே, அவரையே கூட்டிட்டுப் போ, எந்தக் கோர்ட்ல என்ன நடக்குதுன்னு அவரவிட யாரும் நல்லா சொல்லித் தர மாட்டாங்க.

சங்கரன்கோவில்_பொண்ணு:

தாத்தாகிட்ட இப்போதான் கேட்டுட்டு வந்தேன் சார், திங்கக்கிழம கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாரு. லேப்டாப் வேணாம்னு அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். பிஎன்எஸ் பேர் ஆக்ட் மட்டும் தென்காசியில கெடைக்குமா, இல்ல திருநெல்வேலிதான் போகணுமா?

தென்காசி_பேங்க்:

வாங்கறதுக்கு அலைய வேணாம்மா, எங்கிட்ட ஒரு காப்பி புதுசாவே இருக்கு, மூணு வருஷ கோர்ஸ் ஆசையில வாங்கினது. தபால்ல அனுப்பறேன், அட்ரஸ இங்க பொதுவுல போடாத, தனி மெசேஜ்ல உங்க அப்பாவ அனுப்பச் சொல்லு.