ஹெச்ஓஏ இல்லாத 8 ஏக்கர் வீடு: ஆப்ஷன் பீரியட் முடியறதுக்குள்ள எதையெல்லாம் பார்க்கணும்?

கரிசல்மண்:
டெக்சாஸ்ல 8 ஏக்கரோட ஒரு வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கோம். போர்வெல், ஏரோபிக் செப்டிக் (காத்தடிச்சுக் கழிவுநீரைச் சுத்தம் பண்ணி நிலத்துல தெளிக்கற அமைப்பு), புரொப்பேன் கேஸ். விளம்பரத்துல "ஹெச்ஓஏ (வீட்டுக்காரர் சங்கம்) இல்லை, கட்டுப்பாடு இல்லை"ன்னு இருக்கு. பக்கத்துக்காரர் மாடு மேய்க்கிறதால நிலத்துக்கு விவசாய வரிச்சலுகை ஓடிட்டிருக்கு. கோழி, நாலு ஆடு வளர்க்கணும். அப்பா அம்மாவுக்குத் தனியா சின்ன வீடு ஒண்ணு கட்டணும். ஆப்ஷன் பீரியட் (காரணம் சொல்லாம ஒப்பந்தத்துலேர்ந்து விலகிக்கற அவகாசம்) 10 நாள். சாதாரண வீட்டு இன்ஸ்பெக்ஷன் போதுமா?

ஓடைக்கரை:
போதாது. வீட்டு இன்ஸ்பெக்டர் கூரையும் ஏசியும் பார்ப்பார். உங்க ஆபத்து பத்திரத்துலயும் மண்ணுக்கு அடியிலயும் இருக்கு.

ஹெச்ஓஏ இல்லைங்கறதும் கட்டுப்பாடு இல்லைங்கறதும் ஒண்ணு இல்லை. பெரிய பண்ணையைத் துண்டு போட்டு வித்தப்போ, "ஆடு மாடு கூடாது, ஒரு மனைக்கு ஒரே வீடு"ன்னு கவுண்டி கிளர்க் ஆபீஸ்ல பதிஞ்சு வெச்சிருக்கலாம். சங்கமே இல்லாட்டியும் அந்த டீட் ரெஸ்ட்ரிக்ஷன் நிலத்தோடயே வரும். அதே பிரிவுல மனை வெச்சிருக்கற யார் வேணும்னாலும் உங்க மேல வழக்குப் போடலாம். உங்க ரெண்டு திட்டமுமே அதுல அடிபடும். டைட்டில் கமிட்மெண்ட்ல (பத்திர உரிமைக்கு இன்சூரன்ஸ் தர்ற டைட்டில் கம்பெனி முன்கூட்டியே கொடுக்கற அறிக்கை) ஷெட்யூல் பி-யோட (அந்த இன்சூரன்ஸ்ல அடங்காத விஷயங்களோட பட்டியல்) முதல் ஐட்டமே இதுதான். அங்க பெரும்பாலும் பதிவு எண் மட்டும்தான் இருக்கும். மூல ஆவணத்தோட நகலைக் கேட்டு வாங்கி வரிக்கு வரி படிங்க. கமிட்மெண்ட் தாமதமா வரலாம், அதனால இன்னிக்கே டைட்டில் கம்பெனியைக் கூப்பிடுங்க. அதுக்கு ஆட்சேபம் சொல்ற கெடு ஒப்பந்தத்துல தனியா இருக்கும், ஆப்ஷன் பீரியடோட குழப்பிக்காதீங்க.

அதே ஷெட்யூல்ல கனிம உரிமையை யாராவது பிடிச்சு வெச்சிருக்காங்களான்னும் பாருங்க. டெக்சாஸ்ல கனிம உரிமைக்காரர் எண்ணெய் எடுக்கறதுக்குத் தேவையான அளவு உங்க நிலத்தைப் பயன்படுத்தலாம். மேல்நிலத்தைத் தொடமாட்டோம்னு எழுதிப் பதிஞ்ச சர்ஃபேஸ் வேய்வர் இருக்கான்னு கேளுங்க. வீட்டுக்குப் போற வழி கவுண்டி ரோடு இல்லைன்னா, பதிவான பாதை உரிமையும் ரோடு பராமரிப்பு ஒப்பந்தமும் வேணும், பாங்க்கும் கேட்கும். வேலியை எல்லைன்னு எடுத்துக்காம புதுசா சர்வே பண்ணுங்க.

நீரோட்டம்:
தண்ணியை நான் சொல்றேன். கிணறு தோண்டினப்போ கொடுத்த டிரில்லர் ரிப்போர்ட்டை டெக்சாஸ் வாட்டர் டெவலப்மெண்ட் போர்டு இணையதளத்துல தேடுங்க. ஆழம், கேசிங் (கிணத்துக்குள்ள இறக்கின குழாய்), தண்ணி எந்த மட்டத்துல கிடைச்சதுன்னு இருக்கும். பிறகு கிணறு வேலை தெரிஞ்சவரை வெச்சு ரெண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு அளக்கச் சொல்லுங்க. பத்து நிமிஷம் குழாயைத் திறந்து பார்த்தா டாங்க்கிலயும் கேசிங்லயும் தேங்கினதுதான் வரும், ஊத்து தெரியாது. நிமிஷத்துக்கு 5 காலன் வந்தா நிம்மதி. 3-க்குக் கீழ போனா சேமிப்புத் தொட்டி வைக்க ஆகற செலவைக் கணக்குப் போடுங்க.

லேப்ல கோலிஃபார்ம் பாக்டீரியா, நைட்ரேட், ஆர்சனிக் மூணும் கட்டாயம். நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராம், ஆர்சனிக் 10 மைக்ரோகிராம் வரைதான் அனுமதி. கோலிஃபார்ம் மாதிரி 30 மணி நேரத்துக்குள்ள லேபுக்குப் போய்ச் சேரணும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுக்காதீங்க. விக்கறவர் சமீபத்துல கிணத்துல குளோரின் ஊத்தியிருந்தா அந்த ரிசல்ட்டுக்கு மதிப்பே இல்லை.

செப்டிக்கைப் பொறுத்தவரை மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துட்டுப் போறதை ஏத்துக்காதீங்க. டாங்க்கைக் காலி பண்ணித்தான் பார்க்கணும். ஏர் கம்ப்ரஸர் ஓடுதா, அலாரம் வேலை செய்யுதா, ஸ்பிரேயர் தண்ணி எங்க விழுதுன்னு நின்னு பாருங்க. பெர்மிட்டும், நாலு மாசத்துக்கு ஒரு தடவை எழுதற பராமரிப்பு ரிப்போர்ட்டுகளும் கவுண்டில கிடைக்கும். குளோரின் குழாய்ல போட வேண்டியது கழிவுநீருக்கான கால்சியம் ஹைப்போகுளோரைட் மாத்திரை. நீச்சல்குள மாத்திரையைப் போடாதீங்க. ரெண்டும் கலந்தா வெடிக்கவே செய்யும். கிணத்துலேர்ந்து செப்டிக் டாங்க் 50 அடியாவது தள்ளி இருக்கணும். பெர்மிட் படுக்கையறை எண்ணிக்கையையும் வீட்டோட பரப்பையும் வெச்சுக் கொடுக்கறது, அதனால ரெண்டாவது வீட்டை இதே சிஸ்டத்துல சும்மா இணைக்க முடியாது.

மேய்ச்சல்நிலம்:
வரி விஷயம். ஓனர் மாறினா சலுகைக்கு நீங்க புதுசா விண்ணப்பிக்கணும், ஏப்ரல் 30-க்குள்ள. நிலம் முந்தின 7 வருஷத்துல 5 வருஷம் விவசாயத்துல இருந்திருக்கணும். மாடு மேய்க்கறவரோட எழுத்துல ஒரு லீஸ் போட்டுக்குங்க. வீடு இருக்கற இடத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அப்பா அம்மா வீடு கட்டற பகுதிக்கும் போயிடும். அந்தத் துண்டுக்கு மட்டும் 3 வருஷ ரோல்பேக் வரி (சலுகையால முன்னாடி மிச்சமான வரியைத் திருப்பிக் கட்டறது) வரலாம். நாலு ஆடு போதுமான்னு கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்தான் (வரிக்கு நிலத்தை மதிப்பிடற ஆபீஸ்) சொல்லும், முன்கூட்டியே கேளுங்க. 5-லேர்ந்து 20 ஏக்கர் வரைக்கும் தேனீ வளர்ப்பும் செல்லும். பால் பண்ணை மாதிரி தினமும் கட்டிப்போடற வேலை இல்லாததால, ஆபீஸ் போறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இன்சூரன்ஸ் கோட்டையும் இந்த வாரமே வாங்குங்க. தீயணைப்பு நிலையம் 5 மைலுக்கு மேல இருந்தா பிரீமியம் எகிறும், சில கம்பெனி எடுக்கவே எடுக்காது. புரொப்பேன் டாங்க் சொந்தமா வாடகையான்னும் கேட்டு வைங்க.

கரிசல்மண்:
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். குழாயைத் திறந்தா பம்ப் பக்கத்துல சில நொடிக்கு ஒரு தடவை 'டிக் டிக்'னு சத்தம் வருது, பிரஷர் முள் 40-க்கும் 60-க்கும் நடுவுல குதிக்குது. கிணறு வத்திடுச்சா?

நீரோட்டம்:
கிணறா இருக்காது, பிரஷர் டாங்க்தான் (உள்ள இருக்கற காத்தோட அழுத்தத்தால தண்ணியைத் தள்ற தொட்டி). டாங்க்கோட மேல் பாதியைத் தட்டிப் பாருங்க: நல்ல டாங்க்னா வெத்துச் சத்தம் வரும், தண்ணி நிரம்பியிருந்தா மந்தமா இருக்கும். மேல இருக்கற காத்து வால்வை அழுத்தறப்போ தண்ணி பீச்சினா உள்ள இருக்கற ரப்பர் பை கிழிஞ்சிருக்கு, டாங்க்கை மாத்தணும். காத்து மட்டும் வந்தா, பம்ப் கரெண்டை அணைச்சு, தண்ணியை முழுசா வடிச்சுட்டு, டயர் கேஜால அளந்து 38 வரைக்கும் காத்தடிச்சாப் போதும். அடிக்கடி ஸ்டார்ட் ஆகி மோட்டார் சூடேறி வீணாகியிருக்கலாம், பம்ப் எடுக்கற ஆம்பியரையும் அளக்கச் சொல்லுங்க. ரெண்டையும் ரிப்பேர் லிஸ்ட்ல எழுதி ஆப்ஷன் முடியறதுக்குள்ள விக்கறவருக்கு அனுப்பிடுங்க.