மியூசியத்துல நிக்கிற பேட்டன் டேங்க் நிஜமாவே 1965ல பிடிச்சதுதானா, எப்படி கண்டுபிடிக்கறது?

பழைய_இரும்பு:
போன மாசம் வடக்க டூர் போனப்ப ஒரு ராணுவ மியூசியத்துல பேட்டன் டேங்க் பார்த்தோம். போர்டுல 1965 போர்ல பிடிச்சதுன்னு ஒரே ஒரு வரி, எந்த இடம் எந்த ரெஜிமென்ட் ஒண்ணும் இல்ல. மேல புது பச்சை பெயின்ட், மூடியெல்லாம் வெல்டு வச்சு அடைச்சாச்சு, பக்கவாட்டுல ஒரு ஓட்டை. பையன் "அப்பா இது நிஜமா சண்டை போட்டதா"ன்னு கேட்டான், எனக்கு பதில் தெரியல. உள்ள ஆளுங்க செத்திருக்கலாம், அதனால வாய்க்கு வந்ததை சொல்ல மனசு வரல. போர்டை விட்டுட்டு வண்டிய வச்சே சொல்ல முடியுமா?

கவசவண்டி77:
பேட்டன்னா பாதி கவலைய விடுங்க சார். இந்தியா பேட்டன் வாங்கினதே இல்ல, அமெரிக்கா குடுத்தது பாகிஸ்தானுக்குத்தான், அதனால இங்க நிக்கிறது போர்ல பிடிச்சதாத்தான் இருக்கணும். சந்தேகம் வருஷத்துல. 1965 செப்டம்பர்ல பஞ்சாப்ல அசல் உத்தர்ங்கற ஊர்ல ஏகப்பட்டது மாட்டுச்சு, ஆனா 1971 டிசம்பர்ல பசந்தர் ஆத்துப் பக்கம் நடந்த சண்டையிலயும் பேட்டன் வந்துச்சே. ஷெர்மன்னு இன்னொரு அமெரிக்க டேங்க், அதுன்னா இன்னும் கஷ்டம், 1965ல ரெண்டு பக்கமும் அதை ஓட்டினாங்க, நம்ம வண்டிக்கே எதிரி வண்டின்னு போர்டு மாட்டினா யாருக்கு தெரியும்? சீனா பாகிஸ்தானுக்கு குடுத்த டைப் 59 டேங்கும் நம்ம கிட்ட இருந்த சோவியத் டி-54ம் கூட அப்படித்தான், பார்க்க அண்ணன் தம்பி.

செயினை மேல தாங்குற குட்டி உருளைய எண்ணுங்க, பேட்டன்ல எம்47, எம்48ன்னு ரெண்டு மாடல், ஒரு பக்கம் 5 இருந்தா எம்48, 3 இருந்தா எம்47ஆ இருக்கலாம், ஆனா எம்48ல பின்னாடி வந்த சில ரகத்துலயும் 3தான். அப்புறம் அந்த ஓட்டை. குண்டு துளைச்சிருந்தா இரும்பு உதடு மாதிரி வெளிய பிதுங்கி நிக்கும், கேஸ் கட்டர்ல வெட்டினதுன்னா ஓரத்துல கோடு கோடா உருகின தடம் இருக்கும். குண்டு ஓட்டையாவே இருந்தாலும் பிடிச்சதுக்கப்புறம் சுட்டுப் பழகற மைதானத்துல டார்கெட்டா வச்சு சுட்டதாவும் இருக்கலாம், அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

கரிசல்காடு:
வண்டி அசல், கதை தப்புன்னும் நடக்கும். இங்கிலாந்துல பாவிங்டன் டேங்க் மியூசியத்துல இருக்கற டைகர் 131ங்கற ஜெர்மன் டேங்க், 1943ல துனிசியாவுல பிரிட்டிஷ்காரங்க பிடிச்சது, ஓடுற நிலைமையில இருக்கற ஒரே டைகர் 1 அதான். ரொம்ப வருஷமா ஏப்ரல் 21ல பிடிச்சதுன்னு சொல்லிட்டு இருந்தாங்க, அப்புறம் பழைய ஃபோட்டோ, அடிபட்ட தடம் எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து நாளு 24, இடமும் வேறன்னு மாத்தினாங்க. ரிப்பேர் பண்ணப்ப வச்ச எஞ்சினும் அதோடது இல்ல, அதே மியூசியத்துல இருக்கற கிங் டைகர்ங்கற இன்னொரு ஜெர்மன் டேங்க்ல இருந்து எடுத்தது. மறைக்காம அதை சொல்றாங்க பாருங்க, எனக்கு அதான் பெரிய விஷயம்.

பழைய_இரும்பு:
ஃபோட்டோவ பெரிசு பண்ணி எண்ணினேன், 3 உருளை! அப்ப எம்47ஆ இருக்கலாம். ஓட்டையோட ஓரத்துல புட்டி மாதிரி ஏதோ பூசியிருக்கு, ஒண்ணும் தெரியல.

கவசவண்டி77:
அய்யோ, புட்டி பூசினா தடயமே போச்சு. மியூசியத்துக்கு ஒரு லெட்டர் போடுங்க, வண்டி வந்த தேதியும் அனுப்பின யூனிட்டும் ரெஜிஸ்டர்ல இருக்கான்னு கேளுங்க, இரும்புல அடிச்சிருக்கற நம்பரையும் கேளுங்க. இன்னொண்ணும் சேர்த்து எழுதுங்க, அடுத்த தடவை பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி டர்ரெட் (பீரங்கியோட சுத்தற மேல் பகுதி) பக்கம் ஒரு சின்ன இடத்துல மேல் பூச்சை மெதுவா தேய்ச்சு பாருங்கன்னு, பழைய ரெஜிமென்ட் குறி அடியில இன்னும் இருக்கலாம், மொத்தமா சுரண்டிட்டாங்கன்னா அதுவும் போயிடும்.