யானை முத்திரை, 90, 45: இந்த ஜெர்மன் ஸ்பூன் வெள்ளியா, முலாமா?

திருவிடைமருதூரான்:
கும்பகோணத்தில் ஒரு பழைய சாமான் கடையில் பெரிய ஸ்பூன் 6, முள்கரண்டி 6, சின்ன ஸ்பூன் 4, கத்தி 2 விலைக்கு வந்திருக்கிறது. பெரிய ஸ்பூன், முள்கரண்டிகளின் காம்புக்குப் பின்னால் குட்டி யானை, வட்டத்துக்குள் 90, சதுரத்துக்குள் 45. சின்ன ஸ்பூன்களில் டபிள்யூ.எம்.எஃப். என்ற மூன்று எழுத்தும் 90ம். கத்தி அலகில் 'ரோஸ்ட்ஃப்ரை' என்று இருக்கிறது. கடைக்காரர் '90 டச் வெள்ளி', அதாவது நூற்றுக்கு 90 பங்கு சுத்த வெள்ளி என்று கிராம் கணக்கில் விலை சொல்கிறார். உரைகல்லில் உரசியபோதும் வெள்ளி என்றே காட்டியது. ஆனால் ஸ்பூன் குழியின் அடியில் லேசாக மஞ்சள் அடிக்கிறது. எதை நம்புவது?

குடந்தை பாத்திரக்காரர்:
மஞ்சளை நம்புங்கள், மேல்பூச்சு தேய்ந்து உள் உலோகம் தெரிகிறது. ஸ்பூன் கெட்டி வெள்ளியே இல்லை, வெள்ளி முலாம்.

90 என்பது டச் இல்லை. 24 சதுர டெசிமீட்டர் பரப்புக்கு 90 கிராம் வெள்ளி ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரிய ஸ்பூன் 12, முள்கரண்டி 12 சேர்ந்தால் ஏறக்குறைய அவ்வளவு பரப்பு வரும். சதுரத்துக்குள் இருக்கும் 45, அந்த உருப்படி ஒரு டஜனுக்கு ஏறிய வெள்ளி. ஆக ஒரு ஸ்பூனுக்கு 3.75 கிராம், அதுவும் புதிதாக இருந்தபோது. 60 கிராம் ஸ்பூனுக்கு 60 கிராம் வெள்ளி விலை கொடுத்தால் மொட்டைதான். சின்ன ஸ்பூனில் இரண்டாவது எண் இருந்தால் அது 45ஐ விடக் குறைவாக இருக்கும், பரப்பு சிறியது என்பதால். 40, 60, 100, 150 என்றும் முத்திரை உண்டு, எல்லாம் இதே கணக்கு.

ஜெர்மனியில் கெட்டி வெள்ளி என்றால் 800, 835, 925 என்று மூன்று இலக்கமாக அடிப்பார்கள். 1888 முதல் அதோடு பிறையும் கிரீடமும் சேர்ந்து வரும். அவை இல்லாமல் வெறும் இரண்டு இலக்கம் என்றால் முலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உரைகல் ஏமாற்றியதில் ஆச்சரியமில்லை. 90 முலாம் கணக்குப்படி சுமார் 36 மைக்ரான் கனம். மேலாக ஒரு கீறு கீறினால் கல்லில் விழுவது நல்ல வெள்ளிதான்.

முத்திரைப் பித்தன்:
கம்பெனி விஷயம். யானை, சாக்சனியில் ஆவே என்ற ஊரில் இருந்த வெல்னர் கம்பெனியின் சின்னம். டபிள்யூ.எம்.எஃப். கைஸ்லிங்கன் ஊர்க்காரர்கள், 1853ல் தொடங்கி, 1880 இணைப்புக்குப் பிறகு இந்தப் பெயர். அவர்களுடைய பழைய முத்திரைகளில் தீக்கோழி இருக்கும். 'குரோமார்கன்' என்று அடித்திருந்தால் அது எவர்சில்வர், முலாமே கிடையாது. கரடி இருந்தால் ஆஸ்திரியாவின் பெர்ண்டோர்ஃப். ஆக உங்கள் கட்டு ஒரே செட் இல்லை, இரண்டு கம்பெனிச் சரக்கைச் சேர்த்திருக்கிறார்கள். விலை பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

காலம் தெரிய வேண்டுமா? 'ரோஸ்ட்ஃப்ரை' என்றால் துருப்பிடிக்காத அலகு. ஜெர்மனியின் க்ரூப் எஃகுக் கம்பெனி அந்த எஃகுக்கு 1912ல்தான் காப்புரிமை கேட்டது, அதற்கு முந்தைய கத்தியாக இருக்க வழியில்லை. 'மேட் இன் ஜெர்மனி' இருக்கிறதா பாருங்கள். 1887 பிரிட்டிஷ் சட்டத்துக்குப் பிறகு நம் பக்கம் வந்த சரக்கில் அது சகஜம். 'வெஸ்ட் ஜெர்மனி' என்றால் 1949க்குப் பிந்தையது.

முத்திரை மங்கலாக இருந்தால் தேய்க்காதீர்கள். முகப் பவுடரை விரலால் தடவி, மேலாக ஊதிவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பாருங்கள். பள்ளத்தில் வெள்ளையாக எழுத்து நிற்கும். பத்து மடங்கு லென்ஸ் போதும்.

திருவிடைமருதூரான்:
நன்றி சார். கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். வெட்டாமல் நிரூபிக்க வழி உண்டா?

குடந்தை பாத்திரக்காரர்:
உண்டு. ஒரு கிராம் வரை காட்டும் தராசில் ஆறு ஸ்பூனையும் நிறுங்கள். பிறகு ஒரு ஜக்கில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்துத் தராசை சைபராக்கி, ஆறையும் நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். மொத்தம் 360 கிராம் இருந்து தராசு 35 காட்டினால் 800 வெள்ளி. 42ஐ ஒட்டிக் காட்டினால் உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, நாம் ஜெர்மன் சில்வர் என்கிறோமே அதுதான். ஒற்றை ஸ்பூனில் வித்தியாசம் ஒரு கிராம்தான், அதனால்தான் ஆறாகக் கட்டச் சொல்கிறேன். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். கத்தியில் இதைச் செய்யாதீர்கள், கைப்பிடிக்குள் வேறு பொருள் அடைத்திருப்பார்கள்.

மாயவரம் பாலிஷ்:
பட்டறையில் கொடுத்துப் புதுசா முலாம் போட்டுட்டா மஞ்சள் போயிடுமே, அண்ணே?

முத்திரைப் பித்தன்:
போகும் தம்பி, கூடவே முத்திரையும் போகும். முலாமுக்கு முன் பஃப் போடுவார்கள், முத்திரைப் பள்ளம் மழுங்கிவிடும். வாங்குபவர் தேடுவது அந்த யானையைத்தான். சாதாரண முலாம் 36 மைக்ரான் கனத்துக்குப் பக்கத்தில்கூட வராது. குழியின் அடி, முள்நுனி இரண்டும் மேசையில் உரசுகிற இடம், அங்கேதான் முதலில் தேயும். அந்தத் தேய்மானம் காசளவுக்கு மேல் பரவியிருந்தால் அந்த உருப்படியைக் கழித்துவிடுங்கள்.

புளி, சாம்பல், சபீனா எதுவும் வேண்டாம், பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. கறுப்பு மட்டும் என்றால் அலுமினியத் தாள், கொதிநீர், லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா, ஐந்து நிமிடம். கத்தியை முக்காதீர்கள், சூட்டில் கைப்பிடிப் பசை இளகி அலகு கழன்று வரும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்கவும் கூடாது, அதிலுள்ள கந்தகம் கோடு கோடாகக் கறுப்பாக்கிவிடும்.

திருவிடைமருதூரான்:
இப்போதுதான் நிறுத்துப் பார்த்தேன். ஆறு ஸ்பூன் 372 கிராம், தண்ணீரில் 43. கிராம் கணக்கை விட்டுவிட்டு உருப்படிக்கு இவ்வளவு என்று பேசுகிறேன்.