வால்மயிரை அனுப்பினா பொலிகாளை தேறிடுமா?

கொறங்காட்டான்:
பக்கத்து இழையில ஒருத்தர் எழுதியிருக்கார்: "வால்மயிர் நாலு பிடுங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்பினா போதும். காளையை நேர்ல பாக்கவே வேண்டாம், மயிர்ச் சுழியை வெச்சு ராசி பாக்கறது மூடத்தனம்." படிச்சதிலிருந்து மனசு ஆறல. இந்தக் காளைக்குப் பிறக்கற கன்னு எவ்வளவு எடை வரும்னு அந்தச் சோதனை சொல்ற மதிப்பு எங்கிருந்து வருது? ஆயிரக்கணக்கான மாட்டுக்குப் பிறந்தப்ப எடை, ஒரு வருச எடைன்னு எழுதி வெச்சு, அதை மரபணுவோட ஒப்பிட்டு வருது. கறிக்கு ஆங்கஸ் இன மாடு வளக்கற அமெரிக்காக்காரங்க தலைமுறையா எழுதறாங்க. நம்ம காங்கேயத்துக்கு எடை எழுதின நோட்டு எங்க?

செவலைக்கன்னு:
எழுதினது நான்தான். ஒரே தாய் தகப்பனுக்கு ரெண்டு காளைக்கன்னு. வம்சாவளியில ரெண்டும் ஒண்ணு. எது எதை வாங்கிட்டு வந்துச்சுன்னு மரபணுதான் காட்டும். 2021ல ஐதராபாத்துல நம்ம நாட்டுமாட்டு மரபணுவைப் படிக்கற இண்டிகௌ சிப்பே வந்தாச்சு.

கொறங்காட்டான்:
அது நாட்டினத் தூய்மையைக் காக்க வந்தது. அறிவிப்புல கிர், காங்கிரெஜ், சாஹிவால், ஓங்கோல். காங்கேயம் எங்க?

செவலைக்கன்னு:
"போன்ற"ன்னு இருந்துச்சுங்க. கண்ணாடி போட்டுப் படிங்க.

கொறங்காட்டான்:
"போன்ற"வைத் தராசுல வெக்க முடியாது தம்பி. நோட்டு எங்க?

கால்நடைக்காரன்:
2008ல ஆங்கஸ்ல முதுகு வளைஞ்சு, கால் விறைச்சு, கன்னுங்க செத்துப் பிறந்துச்சு. பேர்போன ஒரு காளையோட வாரிசு வழியாப் பரவின குறை. தாய், தகப்பன் ரெண்டும் அந்தக் குறையை மரபணுவுல சுமந்தாத்தான் கன்னுல வெளிய தெரியும். அந்த வருசமே சோதனை வந்து, சுமக்கற மாட்டைப் பிரிச்செடுத்தாங்க. இதை எந்தச் சுழி காட்டும்?

கொறங்காட்டான்:
நோய் வேற, எடை வேற. நான் கேட்டது எடை.

செவலைக்கன்னு:
கண்ணபுரம் சந்தையில பாடைச்சுழி, ஆகாத சுழின்னு சொல்லி என் கிடாரிக்கு விலையைக் குறைச்சது நீங்கதானே? இப்ப அது ரெண்டு ஈத்து. ரெண்டு கன்னும் நல்லா நிக்குது.

கொறங்காட்டான்:
சந்தைக் கதையை இங்க இழுக்காதீங்க. சுழி அன்னைக்கும் இருந்துச்சு, இன்னைக்கும் இருக்கு. எங்க தொண்டுப்பட்டியில, அதான் மாடு அடைக்கற பட்டியில, பிறக்கற ஒவ்வொரு கன்னையும் ஈரம் காயறதுக்குள்ள சாக்குல போட்டுத் தராசுல தொங்கவிட்டு, தேதியோட எழுதறேன். ஊருக்குப் பத்துப் பேர் எழுதுங்க, அப்புறம் மயிரை அனுப்பலாம்.

செவலைக்கன்னு:
உங்க கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துல மூணு காளை ஒண்ணா மேயுது. எந்தக் கன்னுக்கு எது தகப்பன்? நோட்டுல எழுதியிருக்கா? அதுக்கே வால்மயிர் வேணும்.

கொறங்காட்டான்:
என் காளையை எனக்குத் தெரியும். உங்க நோட்டு எங்க?