உச்சந்தலையில் விரலுக்குத் தட்டுப்பட்ட மேடு

மதுரையிலிருந்து ஒரு தாய்:

என் மகனுக்கு இரண்டு மாதம் ஆனபோதே தலை முன்னும் பின்னும் நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கியிருந்தது. என் அம்மா தினமும் எண்ணெய் தேய்த்துத் தலையைப் பிடித்துவிட்டார். மாமியார் கடுகுத் தலையணை தைத்துக் கொடுத்தார். முதலில் பார்த்த மருத்துவர், படுக்க வைக்கும் வாகுதான் காரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் உச்சிக்குழியிலிருந்து பின்னந்தலை வரை வரப்புபோல ஓடிய எலும்பு மேடு, குளிப்பாட்டும்போதெல்லாம் என் விரலுக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது.

ஆறாம் மாதத்தில் பார்த்த நரம்பியல் அறுவை மருத்துவர் அந்த மேட்டைத் தடவிப் பார்த்ததுமே சந்தேகப்பட்டார். உச்சி நடுவில் ஓடும் சஜிட்டல் சூச்சர் என்ற மண்டையெலும்பு இணைப்பு முன்கூட்டியே மூடிக்கொண்டதை சிடி ஸ்கேன் உறுதிசெய்தது. மூடிய இணைப்புக்குக் குறுக்கே எலும்பு விரிய முடியாததால், வளரும் மூளை மண்டையை அந்த இணைப்பு ஓடும் திசையிலேயே நீளத் தள்ளுகிறது என்றும், 1851-இலேயே ஜெர்மன் மருத்துவர் விர்ஹோ இதை விதியாக எழுதிவிட்டார் என்றும் படம் வரைந்து விளக்கினார். படுக்கும் வாகால் தட்டையாகும் தலையில் இப்படி மேடு எழாதாம். கடுகுத் தலையணையால் ஆகக்கூடியது எதுவும் இல்லை என்று அன்றுதான் புரிந்தது.

ஒன்பதாம் மாதத்தில் காதுக்குக் காது வளைந்து வளைந்து செல்லும் கீறலிட்டு, எலும்பை எடுத்து மாற்றியமைத்து, நாளடைவில் கரைந்துவிடும் தகடுகளால் பொருத்தினார்கள். எட்டுக் கிலோ குழந்தையின் உடலில் மொத்தமே சுமார் 650 மில்லி ரத்தம்தான் இருக்கும் என்பதால், முன்னதாகவே ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லியிருந்தார்கள்; அவனுக்கு ஏற்றவும் வேண்டியிருந்தது. முகம் வீங்கும் என்று சொல்லித்தான் இருந்தார்கள், என்றாலும் மறுநாள் இரு கண்களும் மூடிக்கொண்டு, யார் தொட்டாலும் அவன் திடுக்கிட்டு அழுததைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கையைப் பிடித்தபடி தாலாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினேன். குரலை வைத்து என்னை அடையாளம் கண்டு அடங்கினான். மூன்றாம் நாள் மாலை இடக்கண் கீற்றாகத் திறந்தது.

சென்னையிலிருந்து ஒரு தந்தை:

எங்கள் மகனுக்கும் இதே குறைதான். மூன்றாம் மாதத்திலேயே தெரிந்ததால் உள்நோக்கிக் கருவி மூலம் இரண்டு சிறிய கீறல்களோடு அறுவை சிகிச்சை முடிந்தது, ரத்த இழப்பும் குறைவு. அந்த முறைக்கு மெல்லிய எலும்பு வேண்டும் என்பதால் ஆறு மாதத்துக்கு மேல் பொதுவாகச் செய்வதில்லை என்றார்கள். ஆனால் அதன்பின் தலையை வடிவப்படுத்தும் ஹெல்மெட்டை நாளொன்றுக்கு 23 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் வேர்க்குரு படர்ந்து, இரவெல்லாம் விசிறிக்கொண்டிருந்தோம். மிஞ்சிய அந்த ஒரு மணி நேரம் குளியலுக்கும், ஹெல்மெட்டைத் துடைத்து உலர்த்துவதற்கும் சரியாக இருக்கும். தலையைப் பிடித்துவிட்டே பழகிய அம்மாவின் கை அப்போது தானாக நீளும். தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள் அம்மா என்று ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியிருந்தது.